பிரிக்காத தாள்கள்

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். மழை விட்டும் தூறல் விடவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டிய நீளச் சாலையில் ஈ காக்கை இல்லை... என் நண்பனுடைய பெரியப்பா மட்டும் குடையில்லாமல் நடந்து வந்தார். சட்டைக்குள் ஒரு புத்தகம்.

நெருங்கி உட்காருங்கள். இது அவரே நண்பனிடம் சொன்னது.

பெரியப்பா கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். பெரியம்மா வீட்டிலேயே துணி தைப்பவர். பிள்ளைகள் இல்லை. வேலை முடிந்து வந்தால் பெரியப்பா ஏதாவது ஓர் ஆங்கில நாவலை எடுத்து, வரிக்கு வரி தமிழில் சொல்வார். பெரியம்மா தைத்தபடியே ‘ம்’ கொட்டுவார். சோகமான இடம் வந்தால் தையல் மெஷின் நின்றுவிடும்.

“கோர்ட்டுல சொல்ற மாதிரி சொல்லாதீங்க. அவ அழுதாளா இல்லையா?”

கடைசியாக நூலகத்திலிருந்து எடுத்தது விக்டோரியா ராணி காலத்து நாவல். பாதியில் பெரியம்மா நோயில் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலும் பெரியப்பா வாசித்தார். கதாநாயகிக்கும் நோய் முற்றிக்கொண்டே போனது... பயந்து கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். அவள் பிழைக்கவில்லை.

“மிச்சத்தை எவனோ கிழிச்சிட்டான்” என்றார்.

“அப்போ முடிவு தெரியாமலேதான் போகணுமா?” என்று சிரித்தார் பெரியம்மா.

அப்படித்தான் போனார்.

வெகுநாள் கழித்து, பழைய புத்தகக் கடையில் அதே நாவல் கிடைத்தது. அது முதலில் வெளிவந்த காலத்துப் பதிப்பு. அந்தக் காலத்துத் தாள்கள் ஓரம் வெட்டப்படாமல் மடிப்பாகவே இருக்கும். கத்தியால் கீறித்தான் வாசிக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தை இதுவரை யாருமே கீறவில்லை.

அதைத்தான் அந்தத் தூறலில் சட்டைக்குள் வைத்து வந்தார். பெரியம்மா கடைசியாக இருந்த ஆஸ்பத்திரியின் வாசல் வந்தது. தன்னையறியாமல் சொன்னார்.

“முழுசா கிடைச்சிருச்சு.”

“ம்.”

காதுக்குப் பக்கத்தில்... திரும்பினார். ஈரச் சாலை. லேசாக மெஷின் எண்ணெய் வாசனை.

வீட்டுக்கு வந்து ஈரத்தைக்கூடத் துடைக்கவில்லை. எதிரே இன்னொரு நாற்காலியைப் போட்டார். தாளைக் கீறினார். சர்ர்ர்... வாசித்தார். பத்திக்குப் பத்தி ‘ம்’ வந்தது.

“பயமா இல்லையா பெரியப்பா?” என்று நண்பன் கேட்டானாம்.

“போயிடுவாளோன்னுதான் பயம். மூச்சைக்கூட மெதுவா விட்டேன்டா.”

கதாநாயகி கண்மூடும் இடத்தில் அவர் குரல் உடைந்தது. எப்படியோ முடித்தார்.

“அன்னிக்கு எதுவும் கிழியலை. நான்தான் பொய் சொன்னேன்.”

“தெரியும்... அப்புறம்?”

“கதை அவ்வளவுதான்.”

“அப்புறம்?”

“அப்புறம்... நீ செத்துப் போயிட்டே.”

சொல்லிவிட்டு அழுதார். ஜன்னலில் தண்ணீர் சொட்டியது. டக்... டக்...

“அப்புறம் நீங்க?”

அதற்கு என்ன சொன்னீர்கள் என்று நண்பன் கேட்டான். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“நாளைக்குச் சொல்றேன்னேன். தினமும் அவ கேக்கறா... நானும் அதையே சொல்லிட்டிருக்கேன்.”

போன மாதம் ஒரு சாயங்காலம் நண்பன் அவரைப் பார்க்கப் போனான். கதவு திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. செருப்பு வாசலிலேயே கிடந்தது. வீடு முழுக்கத் தேடினான். பெரியப்பா இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

அன்று தேடிக் கால் ஓய்ந்து, அந்த நாற்காலிகளில் ஒன்றின்மேல் கை வைத்தான். இப்போதுதான் ஆள் எழுந்து போனதுபோல் சூடாக இருந்தது.

எதிர் நாற்காலியையும் தொட்டுப் பார்த்தான்...

அதுவும் சூடாக இருந்தது.