வெடிக்காத வளையம்

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கினால் பள்ளிமுனையில் பகலிலும் ஜன்னலைச் சாத்திவிடுவோம். இல்லாவிட்டால் சோற்றிலும் மண்தான். அன்றும் சாத்தினேன் சேர், புதினமாக ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டில் அகதி முகாமிலிருந்து கல்லூரிக்குப் போய் வேதியியல் படித்தவள் நான். ஊர் திரும்பும்போது பழைய மின்னுலை ஒன்றையும் கொண்டுவந்தோம். சிலிக்கன் பிசினை அச்சில் வார்த்து இறுகவைத்து, உலைக்குழாய்க்குள் காற்றுப் படாமல் ஆர்கன் வாயுவில் சுட்டால் பீங்கானாகிவிடும். படகு எஞ்சினின் தண்ணீர்ப் பம்புக்கு அப்படி வளையம் செய்தேன். கடல் மணல் அதைத் தேய்க்காது. அவசரமாகச் சூடேற்றினால் பிசினிலிருந்து கிளம்பும் வாயு போக வழியில்லாமல் வளையத்தை வெடிக்கவைத்துவிடும். வெடித்தது, வெடித்தது, வெடித்துக்கொண்டே இருந்தது. பைத்தியம் பிடிக்காத குறை.

கடைசியில் முழு வளையம் ஒன்று வந்தது. என் கணவர் வலன்ரைனிடம் நீட்டினேன். சிரித்தார்.

“நீர் இதை விரலில போட்டுக்கொண்டு திரியும். நாளைக்கு யாவாரி வஸீர் லாண்ட்மாஸ்ரர் ட்ராக்டரோட வாறான். உலையைக் குடுத்திட்டு அவன்ர படகு எஞ்சினை எடுக்கப்போறன்.”

“இன்னும் கொஞ்சநாள் சுட விடுங்கோ.”

“இவ்வளவு நாள் சுட்டது காணும்.”

நல்ல மனிதர், என் மேல் கை வைத்ததே இல்லை. ஆனால் அந்த உலை போனால் எனக்கு உயிர் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

மறுநாள் மத்தியானம் புட்டும் மீன் சொதியும் சாப்பிட்டுவிட்டு, உலை இருந்த அறையின் வெறும் சீமெந்துத் தரையில் வழக்கம்போலப் படுத்தார். “ஜன்னலைச் சாத்தும், மண் அடிக்குது” என்றார். சாத்தினேன். உலைக்குள் அடுத்த வளையங்கள் இருந்தன. மூலையில் நின்ற இன்னொரு ஆர்கன் சிலிண்டரைத் திறந்துவிட்டு வெளியே வந்து கதவையும் சாத்தினேன். ஆர்கனுக்கு மணமில்லை, காற்றைவிடப் பாரம், தரையில்தான் தங்கும்; அங்கே மூச்சுக்குக் காற்று இராது.

ஒருமுறை என்னைக் கூப்பிட்டார். “உலை ஓடுது, படுங்கோ” என்றேன். பிறகு கூப்பிடவில்லை.

கதவைத் திறந்தால் காற்றுப் பட்டு வளையங்கள் பழுதாகிவிடும், அதனால்தான் திறக்கவில்லை என்று காலையில் பொலிஸ் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அது பொய். உலைக்குழாய் இரண்டு பக்கமும் இறுக மூடியது. அறைக்கதவு நாள் முழுக்கத் திறந்துகிடந்தாலும் வளையங்களுக்கு ஒன்றும் ஆகாது. நான்தான் கொன்றேன்.

அன்றைய வளையங்களில் ஒன்றுகூட வெடிக்கவில்லை சேர். வஸீர் இன்னும் வரவில்லை, வந்தால் உலையைக் கொடுத்துவிட வேண்டாம். நான் வந்து அடுத்ததைச் சுட வேண்டும்.