லாரி வராத படம்

“ஏனுங்க்கா, அதுல லாரி வருதுங்களா?”

சங்ககிரிப் பேருந்தில் முன்னிருக்கை இளம்பெண் இப்படிக் கேட்டதும் நான் புத்தகத்தை மூடினேன். வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து வீட்டிலேயே படம் பார்க்கத் தொடங்கியிருந்த எண்பதுகள் அவை. அவளருகில் இருந்தவர் வீடியோ கேசட் கடைக்காரரின் மனைவி என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

“பொம்மைப் படந்தானே கண்ணு. லாரி ஏறிப் பூனை அப்பளமா நசுங்கும், உடனே எந்திரிச்சு ஓடும். குழந்தைக சிரிச்சுக்கிட்டே கெடக்கும்.”

“எங்கண்ணன் லாரியில அடிபட்டுத்தானுங்க போனாரு. தீவாளி நோம்பிக்கு அவரு பாப்பாவும் எங்கூட்டுக்கு வருது. பூனை எந்திரிக்குது, அப்பா ஏன் எந்திரிக்கலீன்னு கேட்டா என்னங்க சொல்றது?”

மூத்தவர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“அப்ப சாமி படம் எடுத்துக்க.” உடனே அவரே மறுத்தார். “வேண்டாம். அதுலயும் செத்த புள்ளைய சாமி எழுப்பிக் குடுத்துருது.”

“ஆமாங்க.”

“சிரிப்புப் படம் ஒண்ணு இருக்குது. கல்யாணத்துல மாப்பிள்ளை மாறிப் போற கதை.”

“அதுல ஆரும் சாகறதில்லீங்களே?”

“எனக்குத் தெரிஞ்சு இல்ல. எதுக்கும் இன்னைக்கு முழுசாப் போட்டுப் பார்த்துப்போட்டு நாளைக்குக் குடுத்தனுப்பறேன்.”