ஓடைப் பாலத்து வாழைமரம்

ஆயுத பூசைக்கு முந்தின நாள், தேனிக்குப் போகும் டவுன் பஸ். எனக்கு முன்சீட்டில் ஒருவர் இரண்டு வாழைமரங்களைச் சாய்த்துப் பிடித்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் அவரிடம் கேட்டார்.

“பூசை முடிஞ்சதும் இத எங்கன போடுவீக?”

“எங்கன போடுறது, ஓடையிலதான். நீங்க?”

“நான் இப்ப மரமே கட்டுறதில்ல. அல்லிநகரத்துல டயர் கடை. போன வருசம் கட்டுனேன், ஓடையில போட்டேன். மழைக்குன்னு அப்பத்தான் முனிசிபாலிட்டிக்காரக பாலத்துக்கு அடியில குப்பையெல்லாம் சுத்தமா அள்ளிட்டுப் போயிருந்தாக. ரெண்டு நாள்ல அடைமழை. பாலம் அடைச்சுக்கிருச்சு, ரோடெல்லாம் தண்ணி. கடையச் சாத்திட்டு வந்த என் தம்பி, ரோடுன்னு நெனச்சு ஓடையில கால வச்சுட்டான்.”

வாழைமரக்காரர் சாய்ந்திருந்த மரங்களை நிமிர்த்திப் பிடித்தார்.

“தண்ணி வடிஞ்சதும் பாலத்துக்கு அடியில ஜேசிபி வச்சுத் தோண்டுனாக. மொதல்ல வாழமரமா வந்துச்சு. அதுக்குப் பின்னாடிதான் தம்பி.”

“தெருவே அங்கனதாண்ணே போடும். உங்க மரமுன்னு எப்படிச் சொல்றீக?”

“முன்னாடி வந்த மரத்துல டியூப் துண்டு சுத்தியிருந்துச்சு. மத்தவுக கயித்துல கட்டுவாக. டயர் டியூபக் கிழிச்சுக் கட்டுறது எங்க தெருவுல நான் ஒருத்தந்தான்.”