நீ வில்லனா பேசு

— இல்லக்கா, அந்த வில்லன் ஜன்னலைச் சரி பண்றான் பாரு, அங்கதான் எனக்கு உள்ளங்கையெல்லாம் வேர்த்துடுச்சு.

— உனக்கு மட்டுமா? தியேட்டர்ல ஒரு இருமல் சத்தம் கிடையாது. எனக்கு முன்னாடி உக்காந்திருந்த ஆளு பாப்கார்னை வாயில போட்டவன் போட்டபடியே இருந்தான். மெல்லவே இல்ல.

— நான் போன்லதானே பார்த்தேன். இத்தனூண்டு திரையிலயே இப்படின்னா...

— போன்லயா! நம்மாளு படத்தைப் போன்லயாடா பார்த்த? அவர் காதுல விழுந்தா படம் எடுக்கறதையே விட்டுட்டுப் போயிடுவார் மனுஷன்.

— இங்க எந்தத் தியேட்டர்ல நம்ம பாஷைப் படம் ஓடுது? போர்வையைத் தலையோட போத்திக்கிட்டு பார்த்தேன். இருட்டா இருக்கட்டும்னு.

— அது சரி. போர்வை தியேட்டர். டிக்கெட் கிழிக்கறது யாரு, மூட்டைப்பூச்சியா?

— சிரிக்காதக்கா.

— சிரிக்கல, சிரிக்கல. பதினோரு நிமிஷம்டா! நான் வாட்ச்சைப் பார்த்தேன். பதினோரு நிமிஷம் ஒருத்தன் புருஷன் செத்தவ வீட்டுல உக்காந்து ஜன்னலைப் பத்தியே பேசறான். மழைக்கு மரம் ஊறி உப்பிக்கும்மா, அதான் மூடமாட்டேங்குது, கொஞ்சம் சோப்பைத் தேய்ச்சு விட்டா சரியாப் போயிடும்னு. அவ புருஷனைக் கொன்னதே அவன்தான். அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரியும். ஆனா பேச்சு என்னவோ ஜன்னலைப் பத்தி.

— கடைசியில அவ 'ரொம்ப தேங்க்ஸ்'ங்கறா.

— கொலைகாரனுக்கு! அதுக்கப்புறம்தானே அவன் வாசப்படியில நின்னு திரும்பி, 'அன்னிக்கு சாயங்காலம் நான் இங்கதானே இருந்தேன்'ங்கறான். இவ தலையாட்டறா. அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சு போச்சு. கத்தியைக் காட்டல. குரலை உசத்தல. எனக்கு அவளை நாலு அறை விடலாம் போல இருந்துச்சு, அதே நேரத்துல அவன் இன்னும் ரெண்டு நிமிஷம் பேசிட்டுப் போகக்கூடாதான்னும் இருந்துச்சு. எப்படிடா இது?

— எனக்கும் அவனைப் பிடிச்சிருந்துச்சுக்கா.

— யாருக்குத்தான் பிடிக்கல? வெளியில வரும்போது எல்லா வாயிலயும் அவன்தான். ஹீரோ பேரைக் கேட்டா எனக்கே சட்டுனு வர மாட்டேங்குது.

— ஏன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ரெண்டு நாளா அதே யோசனை.

— சொல்லுங்க விமர்சகரே.

— ஹீரோ யாரையும் ஒண்ணும் கேக்கறதில்லக்கா. அதாவது... சொல்லிக்கிட்டே இருப்பான். எதிர்ல ஆள் இருந்தாலும் ஒண்ணுதான், தூண் இருந்தாலும் ஒண்ணுதான். வில்லன் அப்படி இல்ல. கேப்பான். 'நேத்து தூங்கினீங்களா'ன்னு கேப்பான். கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருப்பான். புருஷன் செத்து ஆறு மாசம் ஆச்சு அவளுக்கு. அந்த ஆறு மாசத்துல வேற யாராவது அவளைத் தூங்கினியான்னு கேட்டாங்களா?

— டேய்.

— என்ன?

— நீ தூங்கறியா?

— நான் படத்தைச் சொல்றேன்க்கா.

— நானும் படத்தைத்தான் கேக்கறேன்னு வச்சுக்கோ. தூங்கறியா?

— நெட்டை ஆஸ்பத்திரிக்குப் போனதுலேர்ந்து கீழ் கட்டில் காலியா கிடக்கு. அதான் ஒரு மாதிரி... நெட்டையோட கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கிட்டே இருக்கும், தெரியுமில்ல? மேல இருந்து இறங்கும்போது இடிச்சுக்குவேன், திட்டுவேன். இப்பவும் இறங்கும்போது காலை ஒதுக்கித்தான் வைக்கறேன். அங்க ஒண்ணும் இல்ல.

— பாவம்டா. கை எப்படி இருக்கு இப்போ?

— பெரிய கட்டு. வலது கை முழுக்க. ரெண்டு விரலைப் பத்தி டாக்டர் இன்னும் ஒண்ணும் சொல்லல.

— அந்த மெஷினை நினைச்சா இஸ்திரிப் பெட்டியைக்கூட நான் தொடறதில்ல. படுக்கை விரிப்பை இழுத்துத் தேய்க்கற மெஷின், ஆளோட கையையும் சேர்த்து இழுத்துச்சுன்னா... நீ அது பக்கத்துல நிக்கறதே இல்லதானே?

— அதுலதான் நிக்கறேன் இப்போ. அவன் இடத்துல.

— எருமை! இதைச் சொல்லவே இல்ல!

— சொன்னா கத்துவ.

— கத்தாம? சரி. அவனைப் போய்ப் பார்த்தியா?

— இன்னிக்குக் காலையில போனேன்.

— நல்ல வேலை பண்ண. அங்க அவனுக்கு வேற யாரு இருக்கா. சந்தோஷப்பட்டிருப்பானே.

— பட்டான்.

— நீ இல்லாம இங்க நான் மட்டும் என்ன கூட்டத்துலயா இருக்கேன்? தியேட்டர்ல பக்கத்து சீட்ல பையை வச்சிருந்தேன். ஒருத்தர் வந்து, இங்க ஆள் வருதாம்மான்னாரு. வருதுன்னுட்டேன். இடைவேளை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தாரு, எவனும் வரல. அப்புறம் அவருக்கே சங்கடமா போச்சு போல, எனக்கும் சேர்த்து ஒரு காபி வாங்கிட்டு வந்து குடுத்துட்டு வேற வரிசைக்குப் போயிட்டாரு.

— அக்கா.

— ம்.

— வந்து... ஒரு விஷயம்.

— தெரியும். போனை எடுத்ததுலேர்ந்து நீ சினிமாவையே பேசறப்ப நினைச்சேன். கேளு, எனக்கு நாலு மணிக்குக் கண்ணாடிக் கடையைத் திறக்கணும். அதுக்குள்ள சொல்லிடு.

— லாண்டிரில ஒரு பேப்பர் குடுத்திருக்காங்க.

— யாரு, எப்பவும் செண்ட்டு மணக்க வருவானே, அந்த செண்ட்டா?

— ஆமா, மேனேஜர். அந்த மெஷின்ல உருளைக்கு முன்னால ஒரு கம்பி மூடி உண்டு. கை உள்ள போகாம தடுக்க. அதை நெட்டையே கழட்டி வச்சுட்டான், எல்லாம் அவன் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு. அடியில கையெழுத்து வேணுமாம்.

— அவனா கழட்டினான்?

— இல்லக்கா. மூடி இருந்தா துணி மெதுவாப் போகுதுன்னு போன மாசம் மேனேஜரே கழட்டச் சொன்னாரு. கழட்டி எடுத்துட்டுப் போய் அலமாரிக்குப் பின்னால போட்டது நானும் நெட்டையும்தான்.

— அந்தப் பேப்பர்ல கையெழுத்து விழுந்தா?

— அவன் தப்புன்னு ஆயிடும். அதுக்கு மேல வைத்தியம் பாக்க மாட்டாங்க. ஊருக்கு ஏத்தி விட்டுடுவாங்க. அந்தக் கையோட.

— விழலன்னா?

— என் வேலை பெர்மிட் இந்த மாசம் முடியுது. புதுப்பிக்கறது அவர் கையில இருக்கு.

— ஓ. அப்படி வர்றானா. என்ன சொன்னான், மிரட்டினானா?

— இல்லவே இல்ல. ஆபீஸ்ல உக்கார வச்சாரு. காபி குடுத்தாரு. சிரிச்சாரு. தோள்ல தட்டினாரு. பேப்பரை நகர்த்தி வச்சாரு. என் பெர்மிட் அட்டையையும் அது பக்கத்துலயே வச்சாரு. அவ்வளவுதான். நாளைக்குள்ள வேணுமாம்.

— அட, நம்மாளு படத்து வில்லன் எழுந்து நேரா உன் லாண்டிரிக்கு வந்திருக்கான்! இந்தா பாரு தம்பி. உனக்கு மறுத்துப் பேச வராது. பல் டாக்டர் தப்பான பல்லைப் பிடுங்கினப்பகூட தேங்க்ஸ் சொல்லிட்டு வந்தவன் நீ.

— அதுக்கென்ன இப்போ.

— ஒத்திகை பாப்போம். சின்னதுல செய்வோமே, சமையலறை ஸ்டூலைப் போட்டுக்கிட்டு. எப்பவும் நீதான் வில்லன், நான்தான் மாட்டிக்கிட்டவ. நீ செண்ட்டா பேசு. நான் நீயா இருந்து பதில் சொல்றேன். எப்படி மறுக்கணும்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கேளு. நாளைக்கு அதையே அப்படியே போய்ச் சொல்லிடு.

— வேணாம்க்கா.

— பேசுடா.

— எனக்கு இப்போ அது... வேணாமே.

— பேசப் போறியா, இல்ல நான் அந்த ஆளுக்கே போன் போட்டுக் கேக்கட்டுமா?

— ...'சாப்பிட்டியா?'

— ஆங், அப்படி வா. 'சாப்பிட்டேன் சார்.'

— 'பொய். தட்டுல வச்சது வச்சபடி இருக்கு. இரு, தலையணையைக் கொஞ்சம் ஏத்தி வைக்கறேன். இப்போ சரியா இருக்கா?'

— தலையணையா? ஆபீஸ்ல உக்கார வச்சான்னுதானே சொன்ன?

— நடுவுல நிறுத்தாதக்கா. நீதானே பேசச் சொன்ன.

— சரி சரி, உன் இஷ்டம். 'சரியா இருக்கு சார்.'

— 'எதுக்கு இந்த சார் எல்லாம்? வீட்டுக்குப் பேசினியா?'

— 'பேசினேன்.'

— 'என்ன சொன்ன?'

— 'நல்லா இருக்கேன்னு சொன்னேன்.'

— 'அதைச் சொல்லும்போது தொண்டை அடைச்சுதா?'

— ...'அடைச்சுது.'

— 'எனக்கும் அடைக்கும். அதனால நான் உடனே தண்ணி குடிக்கற மாதிரி டம்ளரைத் தூக்கிடுவேன். அந்தக் குழாய் சொட்டுதே, ராத்திரி உனக்குக் கேக்குதா?'

— 'கேக்குது.'

— 'எண்ணுவியா?'

— 'எண்ணுவேன்.'

— 'எத்தனை வரைக்கும்?'

— 'அது... தெரியல. தூக்கம் வர்ற வரைக்கும்.' டேய், நல்லா இழுக்கற நீ. இரு, விட மாட்டேன். 'சார், நான் கையெழுத்துப் போட மாட்டேன்.'

— 'நான் கேட்டேனா?'

— 'என்ன?'

— 'வந்ததுலேர்ந்து கையெழுத்துன்னு ஒரு வார்த்தை என் வாயில வந்துச்சா? உன்னைப் பாக்கத்தான் வந்தேன். வேற யாராவது வந்தாங்களா?'

— 'இல்ல.'

— 'நேத்து?'

— 'நேத்தும் இல்ல.'

— 'அவங்களைத் தப்பு சொல்ல முடியாது. வேலை. ஷிப்டு. உன் பேரைச் சொன்னா மேல இருக்கறவங்க முகம் மாறுது, அதான் பயப்படறாங்க. இந்தப் பேப்பர் கிடக்கற வரைக்கும் அப்படித்தான். இது முடிஞ்சுதுன்னு வை, எல்லாரும் வருவாங்க. உன்னையும் யாரும் தோண்டித் தோண்டிக் கேக்க மாட்டாங்க. வீட்டுக்குப் போகலாம். உன் கட்டில்ல படுக்கலாம். காலையில யாரும் எழுப்ப மாட்டாங்க.'

— 'ஆனா அதுல எழுதியிருக்கறது நிஜம் இல்லையே.'

— 'இல்லதான். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா போதாதா? மத்தவங்களுக்கு எதுக்குத் தெரியணும்? நான் இருக்கேன்ல.'

— ...

— 'தண்ணி குடி. மெதுவா. அவசரமே இல்ல, நான் இங்கதான் இருக்கப் போறேன்.'

— 'எங்க போடணும்?'

— 'இதோ, இந்தக் கோட்டு மேல. இடது கையாலயே போடு, கோணலா இருந்தாலும் பரவால்ல. நகராம நான் பேப்பரைப் பிடிச்சுக்கறேன்.'

— 'சரி.'

— ...

— அடப்பாவி! சரின்னுட்டேன்டா! மறுத்துக் காட்டறேன்னு வந்தவ நான், எனக்கே கண்ணு கலங்கிப் போச்சு. நம்மாளு உன்னைப் பார்த்தா அடுத்த படத்துல வில்லன் வேஷம் உனக்குத்தான். எங்கடா கத்துக்கிட்ட இவ்வளவும்? நிஜமாவே செண்ட்டு இப்படித்தான் பேசினானா, வார்த்தைக்கு வார்த்தை?

— ...

— இரு, இரு. இடது கையா? நீ வலது கையாலதானே எழுதுவ.

— ஆமா.

— உன் வலது கைக்கு என்னடா ஆச்சு? எதையாவது மறைக்கறியா? என்கிட்ட மறைச்சேன்னா...

— என் கைக்கு ஒண்ணும் ஆகலக்கா.

— அப்புறம் எதுக்கு அவன் உன்கிட்ட இடது கையால போடச் சொல்றான்?

— மேனேஜருக்கு நம்ம பாஷையில ஒரு வார்த்தை வராதுக்கா. அதனாலதான் என்னை அனுப்பினாரு.

— எங்க அனுப்பினாரு?

— ஆஸ்பத்திரிக்கு. அதுல போட வேண்டிய கையெழுத்து என்னோடது இல்ல, நெட்டையோடது. அக்கா, லைன்ல இருக்கியா?

— இருக்கேன். இன்னிக்குக் காலையிலயா?

— ஆமா.

— போட்டுட்டானா?

— ம்.

— அந்தப் பேப்பர் எங்க இப்போ?

— என் சட்டைப் பையில. நாளைக்குக் காலையில குடுக்கணும்.

— கிழிச்சுப் போடு. தம்பி, கேளு, பெர்மிட் போனா போகட்டும், நீ வீட்டுக்கு வந்துடு. இப்பவே கிழி, கிழிக்கற சத்தம் எனக்குக் கேக்கணும்.

— போட்டு முடிச்சதும் அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான்க்கா. நாளைக்கும் வருவியான்னு கேட்டான்.