இரண்டரை அங்குலம்

காரைப் பதிப்பதற்கு, அதாவது தரையோடு ஒட்டத் தாழ்த்துவதற்கு, ஸ்பிரிங் வாங்க வருகிறவர்கள் பின் சீட்டைப் பற்றி யோசிப்பதே இல்லை. வளைவில் கார் சாயக்கூடாது, தெருவில் போகிறவன் திரும்பிப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. பின்னால் எத்தனை பேர் இருப்பார்கள், மடியில் என்ன வைத்திருப்பார்கள் என்பதையெல்லாம் நான்தான் கேட்டு எழுதவேண்டும். டண்டினொங் என்ற ஊரில் ஸ்பிரிங் செய்யும் பட்டறை ஒன்றில் ஐந்து வருடமாக அதுதான் என் வேலை. கம்பியின் தடிப்பு, எத்தனை சுற்று, எவ்வளவு உயரம் என்று நான் எழுதிக் கொடுப்பதைத்தான் உலையில் நிற்பவர்கள் சுற்றுவார்கள்.

தேவராஜாவின் வக்கீல் எனக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். கேள்வி இரண்டே வரி. அந்த ஸ்பிரிங்குகளை எந்த அடிப்படையில் தெரிவு செய்தீர்கள்? அவை அந்தக் காருக்குப் பொருத்தமானவையா? அடுத்த செவ்வாய்க்கிழமை மேன்முறையீடு. தேவராஜா வீட்டுக்கு வருவதும், மீதித் தண்டனையைச் சிறையில் கழிப்பதும் என் பதிலில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுமுன் விஷயத்தை என் மொழியில் ஒழுங்காக எழுதிப் பார்ப்பது என் பழக்கம். அதைத்தான் இப்போது செய்கிறேன்.

என் பெயர் கதிர்காமநாதன். பட்டறையில் அதை யாரும் முழுதாகச் சொன்னதில்லை. 'கெத்தி' என்று ஒரு பெண்பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன். ஆனால் நம்மவர்களிடையே நான் வேறு ஆள். 1971இல் நான் இந்த நாட்டுக்கு வந்தபோது இந்தப் பக்கத்தில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் நான்கு. நான்கு வருடத்தில் அது பதினொன்றானது. புதிதாக வந்த ஏழு குடும்பங்களையும் விமான நிலையத்தில் போய் ஏற்றி வந்தது என் ஸ்டேஷன் வாகன். சந்தைக்கு, பிரசவத்துக்கு, மாதம் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் நடக்கும் பூசைக்கு, எல்லாவற்றுக்கும் அதே வாகன். சட்டி பானைகளைப் பின்னால் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டுவேன். ஒரு சொட்டுச் சாம்பார் சிந்தியதில்லை. "கதிர் அண்ணையைக் கேட்டால் சரி" என்பார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும்.

பிறகு தேவராஜா கார் வாங்கினான். தொலைபேசி நிலையத்தில் வேலை, முப்பது வயது ஆகவில்லை, எந்நேரமும் சிரிப்பு. இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறம். பின்னால் ஏறவேண்டுமென்றால் முன் சீட்டை மடக்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து நுழையவேண்டும். அதில் ஏற ஆள் வராது என்று நினைத்தேன். வரிசையில் நின்றார்கள். அப்படி நுழைவதே அவர்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. என் வாகனில் சட்டி பானைகள் மட்டும் வந்தன.

எனக்கு வயிற்றெரிச்சல் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. அந்தக் கார் குடும்பங்களுக்கு ஏற்றதல்ல என்பது என் தொழில்முறைக் கருத்து. அதை வாயால் சொன்னால் பொறாமை என்பார்கள். அவர்களாகவே உணரட்டும் என்று காத்திருந்தேன். அந்த நேரத்தில் அவனே பட்டறைக்கு வந்தான்.

"அண்ணை, கொஞ்சம் பதிச்சுத் தாறீங்களோ? வேறை ஒண்டும் மாத்தேல்லை. கொம்பனிக்காரன் போட்டபடிதான் எல்லாம் கிடக்கு."

"ஓம் தம்பி. பின்னாலை ஆக்கள் ஏறுறவையோ?"

"உங்களுக்குத் தெரியாததே அண்ணை. எல்லாரும்தான் ஏறுவினம்."

படிவத்தில் 'ஓட்டுநர் மட்டும்' என்று எழுதினேன். ஒரு அங்குலம் பதிவாக, மூன்றில் ஒரு பங்கு விறைப்புக் கூடுதலாக ஒரு செட் தெரிவு செய்தேன். அவ்வளவு விறைப்பை அந்தக் காரின் பழைய ஷொக் அப்சோபர்களால் அடக்க முடியாது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் கார் தூக்கிப் போடும். உயிருக்கு ஆபத்தில்லை, இடுப்புக்குத்தான் கேடு. இரண்டு பூசைக்குப் போய் வந்தால் எல்லோரும் என்னிடம் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

வரவில்லை. "மாட்டு வண்டிலிலை போறமாதிரிக் கிடக்கு" என்று சிரித்துக்கொண்டு அதே காரில் ஏறினார்கள். பிரியமான ஆள் ஓட்டினால் இடுப்புவலிகூடப் பெரிதாகத் தெரியாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

1976 தையில் தேவராஜாவின் மாமியார் பவளம் அக்கா ஊரிலிருந்து வந்தார். வந்த செய்தி எனக்கு மறுநாள்தான் தெரியும். அவனுடைய மனைவி ரஞ்சினி தொலைபேசியில் சொன்னாள்: "உங்களைக் கரைச்சல்படுத்தக்கூடாது எண்டு இவர் தானே எயார்போட்டுக்குப் போனவர் அண்ணை."

நல்லது பிள்ளை என்றேன். சாப்பிட முடியவில்லை. என்ன நடந்தது என்று சத்தியபாமா, என் மனைவி, இரண்டு தரம் கேட்டாள். மனம் நொந்துதான் போயிற்று, அதை ஒளிக்கமாட்டேன். கரைச்சல் என்று நான் என்றைக்காவது சொன்னேனா?

மாசியில் தேவராஜா மறுபடி வந்தான். மாமிக்கு முதுகு வலியாம். கொஞ்சம் மென்மையாக வேண்டும், ஆனால் பதிவு குறையக்கூடாது, முடிந்தால் இன்னும் பதிக்கவேண்டும். இரண்டரை அங்குலம் பதிக்கலாம் என்றேன். அவன் முகம் மலர்ந்தது.

இங்கேதான் வக்கீலின் கேள்வி வருகிறது, ஆகவே விளக்கமாகச் சொல்கிறேன். அந்தக் காரின் பின் ஸ்பிரிங்கை எந்த ஆணியும் பிடித்திருக்கவில்லை. மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம், நடுவில் ஸ்பிரிங், காரின் பாரம்தான் அதை இருத்தி வைத்திருக்கிறது. கார் ஒரு மேட்டில் ஏறித் தூக்கும்போது சக்கரம் கீழே தொங்கும். எவ்வளவு தொங்கலாம் என்பதை ஷொக் அப்சோபரின் நீளம் தீர்மானிக்கும். ஒரு அங்குலம் பதித்தால் ஸ்பிரிங் அப்போதும் இறுக்கமாகவே நிற்கும். இரண்டரை அங்குலம் பதிக்கிறவன் ஷொக் அப்சோபரையும் கட்டையானதாக மாற்றவேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் தொங்கும் அந்த ஒரு கணத்தில் ஸ்பிரிங் கிண்ணத்தில் சும்மா நிற்கும். பின்னால் பாரம் கூடினால் கார் அமுங்கி, இன்னும் பலமாக எகிறும். எங்கள் பட்டறையில் புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் வாரமே நான் சொல்லிக் கொடுக்கும் பாடம் இது.

"ஷொக் அப்சோபரும் மாத்தவேணுமோ அண்ணை?" என்று அவன் கேட்டான். கெட்டிக்காரன்.

"தேவையில்லை" என்றேன்.

அவன் நன்றி சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கினான். பழையதைக் கழற்றிப் புதியதை நானே என் கையால் பூட்டிக் கொடுத்தேன்.

பங்குனி ஞாயிறு பூசை, ரயில் பாதைக்கு அந்தப்புறம் ஒரு வீட்டில். எங்கள் வீட்டிலிருந்து சேர்ந்து புறப்பட்டோம். ரஞ்சினி காலையிலேயே சமையல் உதவிக்குப் போயிருந்தாள். பவளம் அக்கா தோடம்பழக் காரின் பின் சீட்டில் பாயாசச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சட்டி இடைஞ்சலாக இருந்ததால் பெல்ட் போடவில்லை.

"சட்டியை என்னட்டைத் தாங்கோ அக்கா, கட்டிக்கொண்டு வாறன்" என்றேன். இதை நான் சொன்னேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"வேண்டாம் தம்பி, தளம்பிப் போடும். மருமேன் மெள்ள ஓடுவர்."

அப்போது என் வாகனில் ஏறியிருந்த சத்தியபாமா இறங்கினாள். "இஞ்சருங்கோ, நானும் ஒருக்கா அந்தக் காரிலை போய்ப் பாக்கிறன்" என்றாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு, உள்ளே நுழைந்தாள். பதினான்கு வருடம் என் பக்கத்தில் இருந்து வந்தவள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஏன் என்று கேட்பாள். என்ன சொல்வது? "பெல்ட்டைப் போடும்" என்றேன். போட்டாள். காலில் இரண்டு முறிவோடு இன்றைக்கு அவள் உயிரோடு இருப்பது அந்த ஒரு சொல்லால். அவளைக் காப்பாற்றியது நான்.

தேவராஜா எந்தப் பாதையால் போவது என்று கேட்டான். தண்டவாளம் தாண்டிப் போனால் கிட்ட என்றேன். கிட்டத்தான். அந்த ரயில் கடவையில் தெரு எழும்பி இறங்கும். நான் பின்னால் அதே வேகத்தில் போனேன், அறுபது கிலோமீற்றருக்கு மேல் இல்லை. அவனுடைய கார் மேட்டில் எகிறியது. இடது பின் சக்கரம் தொங்கியது. ஸ்பிரிங் வெளியே விழுந்து தெருவில் உருண்டு வந்தது. டயருக்குக் கேடு என்று அதை விலத்தி ஓட்டினேன். நிமிர்ந்து பார்த்தபோது கார் விளக்குக் கம்பத்தில் மோதி நின்றது. பவளம் அக்கா அந்த இடத்திலேயே போய்விட்டார். முன் கண்ணாடியெல்லாம் பாயாசம். அந்த வாசம் இப்போதும் சில வேளை வருகிறது, அப்போது வாகனை நிறுத்தி இறங்கி நிற்பேன்.

அளவுக்கு மிஞ்சிய வேகம் என்று பொலிஸ் முடிவு செய்தது. எட்டு சிலிண்டர், பதித்த கார், கறுத்த இளைஞன். மேலே விசாரிக்க அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. நான் தூரத்தில் வந்ததால் வேகத்தைச் சரியாகச் சொல்ல முடியாது என்றேன். தேவராஜா கூண்டில் நின்று அழுதான். ஸ்பிரிங் பற்றிக் கேட்டபோது, "அது கதிர் அண்ணை தெரிவு செய்தது, அதிலை பிழை இருக்காது" என்றான். என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான். இரண்டரை வருடம் கொடுத்தார்கள். இப்போது வக்கீல், ஸ்பிரிங் கம்பத்தடியில் கிடக்கவில்லை, நாற்பது யார் தூரம் பின்னால் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதைக் கவனித்திருக்கிறார். புத்தியுள்ள மனிதர்.

ஆங்கிலத்தில் எழுதியாயிற்று. ஒரு பக்கம்கூட வரவில்லை. ஸ்பிரிங்குகள் பொருத்தமானவை, மோதிய வேகத்தில் அவை கழன்று எந்தத் திசையிலும் தெறிக்கக்கூடும், தொழில்முறைப் பொறியியலாளன் என்ற முறையில் என் அபிப்பிராயம் இது. கையெழுத்துப் போட்டு, முத்திரை ஒட்டி, மத்தியானம் தபாலில் சேர்த்தேன்.

தேவராஜாமீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் ரஞ்சினியைச் சிறைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். வழியில் அவள் தாயை நினைத்து அழுவாள், நான் ஆறுதல் சொல்வேன். போன ஞாயிறு அழவில்லை. "எவ்வளவு காலத்துக்கு உங்களுக்குக் கரைச்சல் தாறது அண்ணை? நான் ஒரு பழைய கார் வாங்கி ஓடப் பழகப்போறன்" என்றாள்.

நல்ல யோசனை பிள்ளை என்றேன். பழைய கார் என்றால் ஸ்பிரிங் இளகியிருக்கும். வாங்கியதும் என்னிடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், பார்த்துப் புதிதாக ஒரு செட் நானே தெரிவு செய்து பூட்டிக் கொடுப்பேன்.