பெண்ணைப் பெற்ற போட்டோகிராபர்

தாம்பரத்தில் மின்சார ரயில் இன்னும் கிளம்பவில்லை. எனக்கு எதிரே ஒரு போட்டோகிராபரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“இரும்புலியூர்ல பாதி கல்யாணம் நான் எடுத்தது. என் பொண்ணு கல்யாணத்துக்கு மட்டும் வேற ஆளா?”

“சுகர்ல உங்க கண்ணு மங்கிப்போச்சு. ஃபோகஸ் தப்பிடுச்சுன்னா, தாலி கட்டுறது திரும்ப வராதுங்க.”

அவர் பையிலிருந்து கேமராவை எடுத்தார். கண் வைத்துப் பார்க்கும் இடத்திலிருந்த ரப்பரைக் கழற்றி, உருவத்தைப் பெரிதாகக் காட்டும் புது ஐபீஸை மாட்டினார். மனைவியின் முகத்துக்கு நேரே வைத்து லென்ஸை மெதுவாகத் திருப்பினார்.

“தெரியுதாங்க?”

“தெரியுது. ஏன் அழுவுற?”

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, நீங்களே எடுங்க.”