ரோஸ்லின் விரலை உயர்த்தினாள்

முதலில் டீயைக் குடியுங்கள், ஃபாதர். இஞ்சி தட்டிப் போட்டது, ஆறினால் நன்றாக இருக்காது. நான் உட்காரவில்லையே என்று தப்பாக நினைக்காதீர்கள். கச்சேரிகளுக்கு சவுண்ட் பார்க்கிறவனுக்கு உட்கார்ந்தால் கால் குறுகுறுக்கும். ஒரு மாதமாக அது ரொம்ப அதிகம்.

என் பெண்டாட்டி ரோஸ்லின் ஏன் கொயருக்கு வருவதில்லை என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

டில்மன் என்று ஓர் அமெரிக்கர், எழுபது தாண்டியவர், இங்கே ஹைதராபாத்துக்குக் கச்சேரி செய்ய வந்தார். அவர்கள் ஊர் நாட்டுப்புற மெட்டில் தானே பாட்டெழுதி, கிட்டாரோடு பாடுகிறவர். கூடப் பாடும் பெண்ணுக்கு டைஃபாய்டு. ரோஸ்லின் பாடுவாள் என்று சொன்னதே நான்தான். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டரின் மகள் இவள், டில்மன் குரலோடு தன் குரலைச் சேர்த்ததும் கிழவர் கிட்டாரை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, சத்தியமாக.

கச்சேரிக்கு முந்தின நாள் அவள் சொன்னாள்: "ஏங்க, அவரு என்னைய டூருக்குக் கூப்புடுறாரு. ஆறு மாசம்தான். போய்ட்டு வந்துர்றேனே."

"நக்கோ, போக வேணாம். இங்க உனக்கு என்ன கொறச்சல்?"

"கொறச்சல்னு யாரு சொன்னா? எனக்குப் பாடணும். கையெழுத்துப் போட்டுட்டேங்க." சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் எனக்கு எரிந்தது.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அவள் எங்கே பாடினாலும் மிக்சரில் அவள் குரலை ஏற்றுவதும் இறக்குவதும் என் விரல்தான். அங்கே வேறொருவன் விரல். எந்தப் புருஷன் தாங்குவான், நீங்களே சொல்லுங்கள்.

பாடுகிறவர்கள் தங்கள் குரலைக் கேட்க, காதுக்குள் குட்டி ஸ்பீக்கர் செருகியிருப்பார்கள். அதில் சத்தம் அளவு மீறாமல் தடுக்க லிமிட்டர் என்று ஒன்று உண்டு. குரல் போதவில்லை என்றால் என்னைப் பார்த்து விரலை மேலே காட்டுவார்கள், நான் கூட்டுவேன்.

ஐந்தாவது பாட்டில் ரோஸ்லின் விரலை உயர்த்தினாள். அவள் கேட்டாள், நான் கூட்டினேன். கடைசிவரை கூட்டினேன். சோதனைக்கு வைத்திருக்கும் கீச்சொலியையும் சேர்த்து அனுப்பினேன். சனங்களுக்கு அது எதுவும் கேட்கவில்லை. அவள் மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இடது காது போய்விட்டது. வலது காதில் வாயை வைத்துப் பேசினால் கேட்கும். மெஷின் கோளாறு என்று எல்லோரும் நம்பினார்கள். நான் ஆஸ்பத்திரியில் அழுதபோது அவளே என் தலையைத் தடவினாள். "விடுங்க, மெஷினு பண்ணதுக்கு நீங்க என்ன செய்வீங்க?"

லிமிட்டர் தானாக அணையாது, ஃபாதர். கச்சேரியன்று மத்தியானமே நான்தான் அணைத்து வைத்தேன். நீங்கள் மெதுவாகப் பேச வேண்டியதில்லை, அடுப்படியில் இருக்கிறவளுக்குக் கேட்காது.

இப்போது எனக்கு மட்டும் பாடுகிறாள். சுருதி எங்கோ போகிறது, அவளுக்குத் தெரியாது. நன்றாயிருக்கிறது என்கிறேன். அதுவும் கேட்காவிட்டால் விரலை மேலே காட்டுகிறாள். நான் பக்கத்தில் போய் என் குரலைக் கூட்டுகிறேன். நாங்கள் இவ்வளவு நெருக்கமாக என்றைக்கும் இருந்ததில்லை. இந்தக் கால்தான் ஏன் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறதோ, அது ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை.